நாற்பதாம் நாள் அணைந்த விளக்கு

எங்கள் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் வேலை வெட்டி உள்ளவர்கள், பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். ஆனால் போனைத் திறந்தால் பேச்சு முழுக்கப் பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கணினி விளையாட்டைப் பற்றித்தான். விளையாட்டைத் திறக்கும்போது சங்கு இரண்டு தரம் ஊதுமா, மூன்று தரமா என்று போன மாதம் ஒரு சண்டை. இரண்டு பேர் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டார்கள். ஒருவர் பல் மருத்துவர், இன்னொருவர் நாரின் நகரத்தில் போலீஸ்காரர்.

ஏழு தீவு என்பது அந்த விளையாட்டின் பெயர். வெளிநாட்டுத் தளம் எதையாவது திறந்தால் இணையக் கட்டணம் ஏறி, வீட்டில் அடி விழுந்த காலம் அது. உள்நாட்டுத் தளங்களுக்கு மட்டும் கணக்குக் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மேயலாம். ஏழு தீவை பிஷ்கெக்கிலேயே ஒரு சின்ன நிறுவனம் செய்திருந்தது. அதனால் கிர்கிஸ்தானில் கணினி பார்த்த பிள்ளை அத்தனையும் அதில்தான் கிடந்தது. ஆளுக்கொரு குடிசை, குடிசை வாசலில் ஒரு விளக்கு. தீவு தீவாகப் போய்ப் புதிர் அவிழ்க்க வேண்டும். 2013இல் நிறுவனம் இழுத்து மூடிவிட்டது. நாங்கள் மூடவில்லை.

இந்த ஜனவரியில் அதிலெத் என்கிற எங்கள் புரோகிராமர், பழைய கோப்புகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்து விளையாட்டை மறுபடி எழுப்பிவிட்டதாகக் குழுவில் அறிவித்தான். "ஒரு எழுத்துகூட மாத்தல. அப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஏப்ரல் பன்னெண்டு, மத்தியானம் மூணு மணிக்குத் திறக்கறேன்" என்று போட்டான். அன்று நான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் என் முன்னால் நாற்பது சட்டைக் காலர் சரிபார்க்காமல் கிடந்தன. நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். என்னவென்று சொல்ல? ஏழு தீவு திரும்பி வருகிறது என்றா?

திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதுவது என்று முடிவானது. எர்னிஸ் என் பங்கில் விழுந்தான். இதுதான் அந்தப் பக்கம். அவர்கள் கேட்ட மாதிரி இது வரவில்லை.

எர்னிஸ் பிறந்ததும் வளர்ந்ததும் இருப்பதும் பெரிய ஏரிக்குப் பக்கத்து ஊரான கரகோலில். அப்பா பஸ் ஓட்டினார். அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. பள்ளி விட்டதும் அங்கே போய், யாரும் தொடாத மூலைக் கணினியில் உட்கார்ந்துவிடுவான். பதின்மூன்று வயதில் 'தீவுத் தபால்' என்று ஒரு செய்திப் பக்கம் தொடங்கினான். எந்தத் தீவு எப்போது வருகிறது, எந்தப் புதிரில் எங்கே பிழை, யார் புதிதாகக் கப்பல் கட்டினார்கள், எல்லாம் அதில் வரும். நாங்கள் விளையாட்டைத் திறக்கும் முன்னால் தீவுத் தபாலைத்தான் திறப்போம். விளையாட்டில் அவன் பெயர் சிவப்புப்படகு. ஆனால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆசிரியர் என்போம். இருபத்தொன்பது வயதாகியும், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவனாகியும், இன்றுவரை எங்களுக்கு அவன் ஆசிரியர்தான்.

விளையாட்டில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களையும் ஏமாற்றுகிறவர்களையும் வெளியே தள்ள, பிள்ளைகளிலேயே சிலரைக் காவலர் ஆக்கியிருந்தார்கள். நானும் காவலர். பன்னிரண்டு வயது. பெயர் பச்சைத்தொப்பி. அந்த அதிகாரத்தில் எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இனி பனிக்குருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பனிக்குருவி பதினோரு வயதுப் பெண். புதிர் அவிழ்ப்பதில் எங்களுக்கெல்லாம் மேலே. தெரியாதவர்களுக்குக் குறிப்பு சொல்லித் தருவாள், பீற்றிக்கொள்ள மாட்டாள். 2009 மார்ச் மூன்றாம் தேதி, 'இருதயத்தில் ஓட்டையாம், அறுக்கப் போகிறார்கள், போய் வருகிறேன்' என்று எல்லோருக்கும் எழுதிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

ஏழு தீவில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் நாற்பது நாள் உள்ளே வராவிட்டால் அவர் குடிசை விளக்கு தானாக அணைந்துவிடும். செய்தவர்கள் ஏதோ ஒரு எண் வேண்டும் என்று வைத்திருப்பார்கள். ஆனால் செத்தவருக்கு நாற்பதாம் நாள் குதிரை அறுத்து ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாற்பது என்றால் அது ஒன்றுதான். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பனிக்குருவியின் விளக்கு அணைந்தது. அன்று சாயங்காலமே தீவுத் தபாலில் கறுப்புக் கட்டம் போட்டு வந்துவிட்டது: 'பனிக்குருவி இனி இல்லை'.

அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. அவள் குடிசை வாசலில் முந்நூறு பேர் விளக்கேந்தி நின்றோம். நிறுவனம் தன் முகப்பிலேயே அஞ்சலி போட்டது, கலங்கரை விளக்கத்தில் அவள் பெயரில் அணையாத விளக்கு ஒன்று வைத்தது. என் அம்மாவிடம் போய், "கூட விளையாடுற பொண்ணு செத்துப் போச்சும்மா" என்றேன். அம்மா உடனே எண்ணெய் வைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் செத்தவரை நினைத்து மாவைச் சதுரமாக வெட்டி போர்சோக் பொரிப்போம், அந்த எண்ணெய் வாசனை அவர்களைப் போய்ச் சேரும். பொரித்து, துவா ஓதி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். அடுத்த ஏப்ரலிலும் பொரித்தோம். என் வீட்டில் மட்டும் இல்லை, குழுவில் எத்தனையோ வீடுகளில். வருஷா வருஷம் அந்தத் தேதியில் தட்டுத் தட்டாகப் படம் போடுவார்கள். ஆசிரியர் நாலு வரி எழுதுவான், எல்லோரும் கண் கலங்குவோம்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி நடந்ததை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அன்று அந்தக் குடிசையில் விளக்கு எரிந்தது. பனிக்குருவி வெளியே வந்து நின்று, 'என் வாசலில் ஏன் பூ?' என்று கேட்டாள். பிள்ளைகள் அலறினார்கள். கொஞ்ச நேரத்தில் அலறல் கோபமானது: செத்த பிள்ளையின் கடவுச்சொல்லை எவளோ திருடிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆசிரியர் எனக்கு எழுதினான்: 'போலி. தடை செய்.' நான் பொத்தானை அழுத்தினேன். அவள் வேறு பெயரில் இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் அடையாளம் கண்டு துரத்தினோம். அப்புறம் வரவில்லை. போலியைப் பிடித்ததற்காகத் தீவுத் தபாலில் என்னைப் பாராட்டி எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

இந்த மார்ச் மாதம், எழுதக் குறிப்பு எடுக்கலாம் என்று கரகோலுக்குப் போனேன். சந்தைக்குள் அஷ்லியன்ஃபூ கடையில் உட்கார்ந்தோம். இரண்டு கிண்ணம் வந்தது. அவன் ஒரு வாய்கூட வைக்கவில்லை. ஊர்க்காரன் அந்தக் காரக் குளிர் நூடுல்ஸை எதிரில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"என்ன ஆசிரியரே, வயிறு சரியில்லையா?"

"அதிலெத் படம் கேக்கறான்."

"என்ன படம்?"

"பனிக்குருவியோட போட்டோ. கலங்கரை விளக்கத்துல மாட்டணுமாம். அவ அம்மா அப்பாவைத் தேடிப் பிடிச்சு, அவங்க கையாலயே திறக்கணுமாம். நான்தானே செய்தி போட்டேன், எனக்குத்தானே முகவரி தெரியும்ங்கறான்."

"நல்ல விஷயம்தானே? எழுதிக் கேளு."

"மேரிம், அவ உயிரோட இருக்கா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"அன்னிலேர்ந்தே."

பிறகு சொன்னான். எழுந்து ஓடிவிடுவான் போலிருந்தது, ஆனால் சொன்னான். மருத்துவமனைக்குப் போகுமுன் அந்தப் பெண் அவனுக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். தான் மனத்திலே வைத்திருந்த எட்டாம் தீவின் வரைபடம், அதோடு ஓர் ஆப்ரிகாட் கொட்டை. நான் வராவிட்டால் நட்டு வை என்று எழுதியிருந்தாள். உறையின் பின்னால் காஜி சாய் முகவரி, பெயர் சிர்கா. அவன் அம்மா தபால் நிலையத்தில் இருக்கிறார். காஜி சாய் தபால் நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் அடுத்த நிமிஷம் தெரிந்திருக்கும், பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று. போடவில்லை. 'கடல்நண்டு' என்று ஒரு போட்டிப் பக்கம் இருந்தது. ஆறாம் தீவுச் செய்தியை அவர்கள் முந்திவிட்டார்கள் என்று அந்த வாரம் முழுக்க இவனைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். இதிலும் முந்திவிடுவார்கள் என்ற பயம்.

"சரி, தெரியாம போட்டே. அவ திரும்பி வந்தப்போ?"

"எனக்கு எழுதினா. நான்தான், நம்பு, கொட்டையை நட்டியான்னு கேட்டா." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். "அது யாருக்குமே தெரியாது, மேரிம். படிச்ச உடனே அவதான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா முந்நூறு பேர் அழுதிருக்காங்க, நிறுவனம் முகப்புல போட்டிருக்கு. நான் போய், தப்பாப் போட்டுட்டேன்னு சொல்றதா? அவ பொய்னு சொல்றது எனக்கு ஈஸியா இருந்துச்சு."

"அதனால என்கிட்ட போலின்னு சொன்னே."

"ஆமா."

பதினாறு வருஷம். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு என் அம்மா பதினாறு வருஷம் எண்ணெய் வாசனை அனுப்பியிருக்கிறார். எங்களில் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது, விரோதிக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். அவனைத் திட்டினேன். கடைக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். கோழை என்றேன், சாவு வியாபாரி என்றேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். திட்டத் திட்ட எனக்குத் தெம்பாக இருந்தது. தப்பு முழுக்க மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது பாருங்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான்.

"இன்னுமா?"

"அவளை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பார்க்கறேன்."

பழுது பார்க்கிற தொழிலுக்கு வந்ததும் ஏரிக்குத் தென்கரைப் பக்கம் யாரும் போக விரும்பாத வழியை இவன் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். ரோடு மோசம், ஊர்கள் சின்னது, மற்ற மெக்கானிக்குகளுக்குச் சந்தோஷம். நாலு வருஷத்துக்கு முன்னால் காஜி சாயில் ஓர் ஓய்வு விடுதியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சலவை அறைப் பொறுப்பாளர் வேலை முடிந்து தாளில் கையெழுத்துப் போட்டாள். உறையின் பின்னால் இருந்த அதே பெயர். குனிந்தபோது கழுத்துக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்ததாம்.

"பார்த்துட்டு என்ன பண்ணினே?"

"பெட்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"ஒவ்வொரு ஏப்ரலும் கூப்பிடறா. அதே மெஷின், அதே எடம். பின்பக்கம் ஹோஸ் கிளிப் கழண்டுக்குது. நானும் எத்தனையோ மெஷின் பார்த்துட்டேன், இப்படி ஒரு கிளிப்பைப் பார்த்ததில்ல. புதுசு போட்டும் பார்த்தேன், அடுத்த வருஷம் அதுவும் கழண்டுடுச்சு. மாட்டிக் குடுப்பேன். டீ போட்டுத் தருவா. குடிச்சுட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் போறேன்."

"மாட்டே நீ."

"மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டான்.

அடுத்த மூன்று வாரமும் குழுவில் அதிலெத் அவனைத் துளைத்தெடுத்தான். ஆசிரியரே படம் எங்கே, ஆசிரியரே பெற்றோர் கிடைத்தார்களா. பளிங்குப் பலகை மாதிரி ஒன்று வரைந்து போட்டிருந்தான்: பனிக்குருவி, 1998 – 2009. நானூறு பேர் கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. எர்னிஸுக்குத் தனியாக எழுதினேன்: 'பலகை ஏறுறதுக்குள்ள நீ சொல்லணும். அவகிட்டயும், குழுவுலயும். இல்லாட்டி நான் சொல்லுவேன்.' பதில் ஏப்ரல் பதினொன்றாம் தேதி வந்தது: 'நாளைக்கு மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கா. நீ கூட வரியா? தனியாப் போனா டீ குடிச்சுட்டு வந்துடுவேன்.'

போனேன். அன்றைக்கே பிஷ்கெக்கிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கரகோலில் தங்கி, காலையில் அவனுடைய வேனில் ஏறினேன். வழியில் தாம்கா என்ற ஊரைத் தாண்டும் வரை பேசவே இல்லை. அப்புறம் அவன் சொன்னான்:

"உன் பேரை நான் சொல்லப் போறதில்ல. எல்லாம் நான் பண்ணினது. நீ வெறும் பொத்தான் அழுத்தினவ. துணைக்கு வந்த கூட்டாளின்னு சொல்லிக்கறேன்."

அந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். "சரி" என்றேன். ரோட்டோரம் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

விடுதி இன்னும் திறக்கவில்லை, மே மாதம்தான் ஆள் வரும். சலவை அறை மட்டும் திறந்திருந்தது. சிர்கா குட்டையான பெண், முழங்கை வரை சுருட்டிய சட்டை, சிரித்தால் கன்னம் கண்ணை மூடிவிடும்.

"வாங்க உஸ்தா! இந்த வருஷம் துணையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கீங்க? அந்தக் கிளிப்புக்கு ரெண்டு ஆள் வேணுமா?" என்று சிரித்தாள். என்னைப் பார்த்து, "உக்காருங்க எஜே" என்றாள். உஸ்தா கைவேலைக்காரருக்கு, எஜே மூத்தவளுக்குக் கொடுக்கிற மரியாதை. அவளைவிட எனக்கு ஒரே வயதுதான் கூட.

எர்னிஸ் மெஷினுக்குப் பின்னால் போய் மண்டியிட்டான். கிளிப்பை மாட்டினான். எழுந்தான். வழக்கம்போல் தாளை நீட்டப் போனான், நான் தொண்டையைக் கனைத்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"சிர்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் வந்து... ஏழு தீவுன்னு ஒரு கேம்..."

"சொல்லுங்க ஆசிரியரே" என்றாள் அவள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்திலும்தான்.

"மொத வருஷம் நீங்க குடுத்த ரசீதுல உங்க முழுப்பேரு இருந்துச்சே. கரகோல், எர்னிஸ். அந்தப் பேரை எழுதி நான் உறை ஒட்டியிருக்கேன், மறந்துடுமா? வந்துட்டீங்க, சொல்லப் போறீங்கன்னு பார்த்தேன். சொல்லல. பயந்துட்டீங்க போலன்னு நெனச்சேன். அடுத்த வருஷம் மெஷின் ஒழுங்கா ஓடுச்சு. உங்களைக் கூப்பிடக் காரணம் வேணுமே? நானே ஸ்க்ரூடிரைவர் எடுத்து அந்தக் கிளிப்பைக் கழட்டிட்டேன்."

"நீயா?"

"வருஷா வருஷம் நான்தான். ஏப்ரல் மாசம்தானே என்னைச் சாகடிச்சீங்க, அந்த மாசத்துல சொன்னாப் பொருத்தமா இருக்கும்னு. நீங்களும் வருஷா வருஷம் மாட்டினீங்க. டீ குடிச்சீங்க. போயிட்டீங்க."

எர்னிஸ் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மன்னிப்புக் கேட்டான். கடல்நண்டைச் சொன்னான், அம்மாவிடம் போன் போடச் சொல்லாததைச் சொன்னான், கொட்டையைச் சொன்னான். நட்டானா என்று கேட்டாள். பயத்தில் தபால் நிலைய அடுப்பில் போட்டு எரித்ததாகச் சொன்னான். அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் மெஷின் கதவைச் சாத்தினாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்போ எழுதுங்க. எங்க போட்டீங்களோ அங்க போடுங்க. அதே மாதிரி கட்டம் கட்டி."

எழுதினான். சுருக்கமாக, பூசி மெழுகாமல், தீவுத் தபால் என்று தலைப்பிட்டுக் குழுவில் எழுதினான். உயிரோடு இருக்கிறாள், அன்றே எனக்குத் தெரியும், பொய் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டான். பிறகு முதல் பதில் வந்தது, நாரின் போலீஸ்காரர்: 'இது அவள்தான் என்பதற்கு ஆதாரம்?'

அதைப் படித்துவிட்டு சிர்கா சிரித்தாள். கேட்கப் பிடிக்காத சிரிப்பு.

"பாருங்க எஜே, இன்னும் அதே கேள்விதான். எல்லாருக்கும் வயசு மட்டும்தான் ஆகியிருக்கு."

நான் தலையாட்டினேன். ஆமாம், என்ன மனிதர்கள் என்பது போல. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், குடித்தேன். ரொட்டியும் அவள் வீட்டு ஆப்ரிகாட் ஜாமும் வைத்தாள், தின்றேன். மருத்துவமனையில் தையல் சீழ் பிடித்து ஐம்பது நாள் கிடந்ததையும், விளையாட்டு ஞாபகத்திலேயே நாளை ஓட்டியதையும் சொன்னாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே பக்கத்து ஊர் கணினி நிலையத்துக்கு அப்பா தூக்கிக்கொண்டு போனாராம். பாவம் என்றேன். என் வாயால் சொன்னேன், பாவம் என்று. எர்னிஸ் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான்.

அதிலெத் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அந்தப் பலகையை எறக்கிட்டேன்" என்றான். "மூணு ராத்திரி உக்காந்து வரைஞ்சேன் ஆசிரியரே. எறக்க ஒரு நொடிதான் ஆச்சு." பிறகு சிர்காவிடம் நேராகப் பேசினான். "இன்னிக்கு நீங்கதான் திறக்கணும். பழைய கடவுச்சொல் ஞாபகம் இருக்கா?"

"அதை மறப்பேனா?"

"அப்போ மூணு மணிக்கு உள்ள வாங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். பழைய கோப்புல நான் எதையுமே தொடல. அந்தத் தடை அறிவிப்பும் அப்படியேதான் இருக்கும், முதல்ல அது வரும். கோவப்படாதீங்க, கீழ ஒரு பொத்தான் மட்டும் இப்போ சேர்த்திருக்கேன், அழுத்தினா உள்ள போயிடலாம்."

தடை அறிவிப்பில் என்னவெல்லாம் இருக்கும் என்று காவலராக இருந்தவளுக்குத் தெரியாதா? மணி இரண்டரை. சொல்வதற்கு அரை மணி நேரம் இருந்தது. நான் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டேன்.

மூன்று மணிக்கு விடுதி அலுவலகக் கணினியில் மூவரும் உட்கார்ந்தோம். நடுவில் அவள். சங்கு ஊதியது. மூன்று தரம், பல் மருத்துவர் சொன்னதுதான் சரி. கடல் வந்தது, படகு வந்தது. சிர்கா பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாள். திரை கறுத்து, வெள்ளை எழுத்து வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்:

"'இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயரைத் திருடியதற்காக நீ வெளியேற்றப்படுகிறாய். வெட்கப்படு. காவலர்: பச்சைத்தொப்பி.'"

அந்த 'வெட்கப்படு' யாரும் எழுதச் சொன்னதில்லை. அறிவிப்பில் காவலர் விரும்பினால் ஒரு சொல் சேர்க்கலாம். நான் சேர்த்தது.

"ஆசிரியர் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு, ஆனா ஏன்னு புரிஞ்சுக்க முடிஞ்சுது" என்றாள் சிர்கா, திரையைப் பார்த்தபடியே. "இவங்களைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சுக்க முடியல. இந்தப் பச்சைத்தொப்பிக்கு நான் தனியா ஒரு கடிதம் எழுதினேன். பொண்ணுதானே, அக்கா மாதிரி கேப்பாங்கன்னு. என் நெஞ்சுல எத்தனை தையல்னு எழுதினேன். பதினேழு. பொய் சொல்ற புள்ளையா இருந்தா இருபதுன்னுதானே சொல்லும்? பதில் போடல. மறுநாளும் தொரத்தினாங்க. இவங்க இப்போ குழுவுல இருக்காங்களா உஸ்தா?"

எர்னிஸ் தரையைப் பார்த்தான்.

பதினேழு. அந்தக் கடிதம் எனக்கு வந்தது. நான் படித்தேன். படித்தபோதே, பதினேழு என்று யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகுதான் மறுநாள் அழுத்தினேன், பாராட்டு ஏற்கெனவே வந்துவிட்டிருந்ததால். எனக்கு எதுவும் தெரியாது, சொன்னதைச் செய்தேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். கரகோல் கடையில் ஊர் கேட்க அவனைக் கோழை என்றவள் நான்தான்.

"நான்தான்" என்றேன்.

சிர்கா மெதுவாகத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். அவள் ஊற்றிக் கொடுத்தது, அடியில் இரண்டு வாய் மீதி இருந்தது.

"காலைலேர்ந்து நாலு மணி நேரமா பக்கத்துல உக்காந்து என் டீயைக் குடிச்சுட்டு இருந்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

எஜே என்ற சொல் அந்தக் கேள்வியில் இல்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் அப்படிக் கூப்பிடவும் இல்லை. திரைக்குத் திரும்பி, அதிலெத் வைத்திருந்த பொத்தானை அழுத்தி உள்ளே போனாள். குடிசை வாசலில் அவள் விளக்கு எரிந்தது. முந்நூறு பேர் கூடி நின்று ஆரவாரம் செய்தார்கள். நான் இன்னும் காவலராகவே இருந்தேன், அதிலெத் எதையும் மாற்றவில்லை என்றுதானே சொன்னான். நான் உள்ளே போகவில்லை.